ஃபேனுக்கும் போர்டுக்கும் நடுவே

மார்ச் 3

பொடிசுக்கு,

இந்தக் கவரைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது, அண்ணி என்னடா என்றால் பேப்பரில் எழுதி கூரியரில் அனுப்புகிறாள் என்று. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

போன வாரம் போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன். அன்றிலிருந்து உன் அண்ணன் நடுவில் புகுந்து, "அவ சின்னப் பொண்ணு, விடு" என்று என்னிடமும், "அண்ணி டென்ஷன்ல இருக்கா, விடு" என்று உன்னிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குச் சமாதானம் வேண்டாம். பதில் வேண்டும். ஈமெயில் எழுதலாமென்றால் ஆபீஸ் லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் கணக்கும் என் கணக்கும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. எழுதியதை அவர் பார்த்தால் மறுபடியும் சமாதானம் பேச வந்துவிடுவார். அதனால் பதிலை என் அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்பு. பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

எங்கள் ஆபீஸில் இந்த வேலையை நடத்துகிறவரே உன் அண்ணன்தான், நடந்ததை நீ அவர் வாயால்தான் கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள். நான் டிசைன் செய்த மூச்சுக் கருவியின் பெட்டியை ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் ஒரு ரப்பர் பொம்மைக்கு மாட்டி ஓடவிட்டோம். முதல் நாள் ஒரு குறையும் இல்லை. மறுநாள் மதியம் எரிந்த வாடை. பவர் போர்டு போய்விட்டது. பெட்டிக்குள் சூடு எவ்வளவு ஏறும் என்று நீ கணக்குப் போட்டுக் கொடுத்த ரிப்போர்ட்டில் அந்த இடத்துக்கு அறுபத்தெட்டு டிகிரி என்று போட்டிருந்தாய். மீட்டர் வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றாறு. பொம்மை என்பதால் பிழைத்தது.

பெட்டியைத் திறந்ததும் காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபேனுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஷீட் நிற்கிறது. மெயின் கரண்ட் ஓடும் பக்கமும் நோயாளிக்குப் போகும் வயர் பக்கமும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதற்காக வைத்தது, எடுக்கவே முடியாது. ஃபேன் ஊதும் காற்று அதில் மோதித் திரும்புகிறது. ஆனால் நீ அனுப்பிய படத்தில் காற்று நேராகப் போய் போர்டின்மேல் இறங்குகிறது. அந்தப் படத்தில் ஷீட்டே இல்லை.

நான் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பிய மாடலில் இருந்தது. மடிப்புக்கு மடிப்பு நானே வரைந்தேன்.

நீ வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியாதா? மாடல் கைக்கு வந்ததும் அளவு வாரியாக அடுக்குவாய், சின்னதிலிருந்து தொடங்கி அழித்துக்கொண்டே போவாய். ஸ்க்ரூ, வாஷர், ஸ்டிக்கர், மூலை வளைவு, பொறித்த எழுத்து எல்லாம் போகும். "அண்ணி, நீங்க வரைஞ்சதுல பாதியை டிலீட் பண்ணிட்டுத்தான் நான் வேலையையே ஆரம்பிப்பேன்" என்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிச் சிரித்தவள் நீ.

ஏப்ரல் ஏழாம் தேதி விசாரணை. அதுவரை என்னை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். மாடலை உனக்கு அனுப்பிய பிறகு நான் சத்தமில்லாமல் ஷீட்டைச் சேர்த்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை என்று ஆபீஸில் பேச்சு. அது நிலைத்துவிட்டால் இந்த வேலை மட்டுமல்ல, ஆஸ்பத்திரிக் கருவி செய்கிற எந்த இடத்திலும் என்னை வாசற்படி ஏற்ற மாட்டார்கள். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்த ஷீட்டை நீ அழித்தாயா?

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

சிரிக்கவில்லை. முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் கவரின் ஒட்டு இரண்டு முறை ஒட்டியது போல இருந்ததே, ஏன்? வழியில் யாராவது பிரித்தார்களா, இல்லை அக்கா வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினீர்களா?

கேட்டதற்குப் பதில்: அழிக்கவில்லை.

என் வேலையை நீங்கள் இன்றுவரை "கலர் படம் போடுறது" என்றுதான் சொல்கிறீர்கள். கல்யாணத்துக்கு வந்த உங்கள் சித்தியிடமே அப்படித்தான் என்னை அறிமுகப்படுத்தினீர்கள். போகட்டும். நான் அழிப்பது உண்மைதான். பெட்டிக்குள் காற்று எங்கெல்லாம் போகும் என்று கணக்குப் போட, காலி இடம் முழுவதையும் கம்ப்யூட்டர் பொடிப்பொடிக் கட்டமாக வெட்டிக்கொள்ளும். ஒரு ஸ்க்ரூ மரையைச் சுற்றி அப்படி வெட்டினால் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். காற்றுக்கு அந்த மரையால் ஆவது ஒன்றுமில்லை. அதனால் எடுக்கிறேன். ஆனால் சின்னது வேறு, மெல்லியது வேறு அண்ணி. காற்றை மறித்து நிற்கும் ஷீட்டை எடுக்க எனக்கென்ன பைத்தியமா? எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் அதை வைத்திருப்பேன். தடிமனை மட்டும் நீக்கிவிட்டு வெறும் பரப்பாக நிறுத்துவேன். இது முதல் வருஷத்தில் கற்றுக்கொடுக்கிற பாடம்.

எனக்கு வந்த மாடலில் ஷீட் இல்லை. இல்லாததை எப்படி அழிப்பது?

இப்போது நான் கேட்கிறேன். கரண்ட் பாதுகாப்பு பார்க்கிறவர் உங்கள் ஆபீஸுக்கு வந்தாராமே. அவர் சொன்ன பிறகுதான் ஷீட் வந்ததாம். மாடல் என்னிடம் வந்து, நான் ரிப்போர்ட் கொடுத்ததற்கும் பிறகு. இது நானாகக் கற்பனை செய்தது இல்லை, அண்ணன் சொன்னது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, "பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பா" என்றுதான் சொன்னார். மறந்திருந்தால் மறந்தேன் என்று சொல்லுங்கள். என் தலையில் ஏன் கட்டுகிறீர்கள்?

எங்கள் ஆபீஸில் மொத்தமே மூன்று பேர். இந்த வேலையை அண்ணன் வாங்கிக் கொடுத்தபோது மற்ற இரண்டு பேரும் என்னை எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத்தான் தெரியும். சொந்தக்கார வேலை சொதப்பிவிட்டது என்று இப்போது மூலையில் நின்று பேசிக்கொள்கிறார்கள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுகிறார்கள்.

பொடிசு


மார்ச் 14

பொடிசுக்கு,

கவரைப் பிரித்து ஒட்டியது நானேதான். ஒரு வரியை அடிக்க வேண்டியிருந்தது. என்ன வரி என்று கேட்காதே, உனக்கு நல்லது.

பாதுகாப்பு பார்க்கிறவர் வந்தது மாடல் உனக்கு வருவதற்கு முன்னால். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் எதிரிலேயே ஷீட்டுக்கு இடம் குறித்தேன். உன் அண்ணனுக்குத் தேதி எப்போது நினைவில் நின்றிருக்கிறது? எங்கள் கல்யாண நாளையே போன் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். அவர் குழப்பிச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நீ எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறாய்.

இன்னொரு கூத்து நடந்திருக்கிறது. ஆபீஸில் இருக்கும் என் மாடலில், கடைசியாக மாற்றிய தேதி பிப்ரவரி என்று காட்டுகிறதாம். "பாருங்க, ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் கை வெச்சிருக்காங்க" என்று எங்கள் சோதனைக்கூடத்துக்காரர் டைரக்டரிடம் நீட்டியிருக்கிறார். போர்டு எரிந்த பிறகு அதை யார் யாரோ திறந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூடும்போது சேவ் கொடுத்தாலே தேதி மாறிவிடும். அது யார் என்று தெரியவில்லை. தெரியாமல் செய்தார்களா, தெரிந்தே செய்தார்களா என்பதும் தெரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன். சந்தேகப்பட ஆரம்பித்தால் டீ கொண்டுவருகிறவர் முதல் டைரக்டர் வரை எல்லோர் மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கிறது. உன் மூஞ்சியும்தான்.

ஒன்று செய். நீ சுத்தம் செய்த மாடலைப் பார்க்காதே. உனக்கு வந்தபடியே, கை வைக்காமல் இருக்கும் ஃபைலைத் திற. பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார். பார்த்ததை மறைக்காமல் எழுது. உன் அண்ணனுக்குத் தங்கையாக எழுதாதே, வேலை தெரிந்தவளாக எழுது.

வீட்டில் நான் சும்மா இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. உன் அண்ணன்தான் பாவம், எனக்காக உருகுகிறார். காலையில் அவரே காபி போட்டுத் தருகிறார். பாத்திரம் கழுவுகிறார். இத்தனை வருஷத்தில் காணாத அதிசயம். அத்தைகூட வாயைப் பிளந்து பார்க்கிறார்கள்.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

சொன்னபடி வந்த ஃபைலையே திறந்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டலாம்.

ஷீட் இல்லை. ஆனால் பெட்டியின் உள்சுவரில், ஃபேனுக்கும் போர்டுக்கும் நடுவே, வரிசையாக மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அவற்றில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. மற்ற ஒவ்வொரு ஓட்டைக்கும் எதிரே ஒரு ஸ்க்ரூவோ கிளிப்போ இருக்கிறது. இந்த மூன்றுக்கு மட்டும் ஆள் இல்லை.

நான் சுத்தம் செய்யும்போது, நாலு மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள ஓட்டை எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடைத்துவிடுவேன். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். காற்று அதன் வழியாகப் போகாது, கட்டங்களின் எண்ணிக்கை குறையும். இந்த மூன்றையும் அப்படித்தான் அடைத்திருக்கிறேன். எதையும் பிடிக்காத ஓட்டை எதற்கு இங்கே இருக்கிறது என்று அன்றைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை வேறு. கேட்கவில்லை. உங்களுக்குப் போன் செய்தால் "இதுகூடத் தெரியாதா" என்பீர்களோ என்று ஒரு இது. தப்புதான்.

ஆக, மாடல் என்னிடம் வந்தபோதே ஷீட்டுக்கு இடம் இருந்திருக்கிறது. நீங்கள் பிறகு சேர்த்தீர்கள் என்று நான் எழுதியது பொய். அதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் அண்ணி, ஓட்டை வந்திருக்கிறது, ஷீட் வரவில்லையே. அது எப்படி? ஓட்டையைப் போட்டுவிட்டு ஷீட்டை அப்புறம் வரையலாமென்று விட்டுவிட்டீர்களா? வரைந்து, திரையில் இடைஞ்சலாக இருக்கிறதென்று மறைத்து வைத்தீர்களா? மறைத்து வைத்தது சில சமயம் ஃபைலோடு வராது. கோபப்படாமல் சொல்லுங்கள். அதை எப்படி வரைந்தீர்கள்? அப்புறம், ஃபைல் எனக்கு அண்ணன் பெயரிலிருந்துதான் வந்தது. உங்களிடமிருந்து ஏன் நேரே வரவில்லை?

பொடிசு

பி.கு. அடித்த வரி என்ன என்று எனக்குத் தெரியும். விளக்குக்கு நேரே பிடித்தால் தெரிகிறது. "உங்கள் குடும்பமே இப்படித்தான்" என்று எழுதியிருந்தீர்கள். நன்றி.


மார்ச் 25

பொடிசுக்கு,

அடித்த பிறகும் படித்தாயா! சரி, எழுதியது எழுதியதுதான். அடித்தேன் அல்லவா, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்.

அந்த மூன்று ஓட்டைகள் ஷீட்டை ரிவெட் அடித்துப் பிடிக்க. அதை நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதமாக நான் சொல்வதற்கு முதல் சாட்சி அதுதான். சாட்சியை உன் கையாலேயே அடைத்துவைத்திருக்கிறாய் என்று ஆத்திரமும் வந்தது.

எப்படி வரைந்தேன் என்று கேட்கிறாய். சொல்கிறேன், என்னைக் கேலி செய்யாதே. அதைத் தடிமனோடு வரையவில்லை. தடிமனே இல்லாத வெறும் சர்ஃபேஸாக வரைந்தேன். எதற்குத் தெரியுமா? உனக்காக. போன முறை நீ இங்கே வந்திருந்தபோது, "மெல்லிசு ஷீட்தான் அண்ணி என் உயிரை வாங்குது, ஒவ்வொண்ணையும் உக்காந்து சர்ஃபேஸா மாத்தணும்" என்று புலம்பினாய். உனக்கு ஒரு நாள் வேலை மிச்சமாகட்டும் என்று நானே மாற்றி வைத்தேன். சொல்லவில்லை. திறந்து பார்த்து நீயே கண்டுபிடித்து, அண்ணிக்கு நம் வேலையும் தெரியும்போல என்று நினைக்க வேண்டுமென்று ஒரு சின்ன ஆசை. அந்த ஆசைதான் இப்போது என் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் சாஃப்ட்வேர் ஃபைலை உன்னால் திறக்க முடியாது. எல்லோரும் திறக்கும்படி பொது ஃபைலாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அன்றைக்கு பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் சீக்கிரம் கிளம்பிவிட்டேன். "மாத்தி அனுப்பறது நான் பாத்துக்கறேன்" என்றார் உன் அண்ணன். மாற்றும்போது, தடிமன் உள்ள சாலிட் மட்டும் போதுமா, சர்ஃபேஸையும் சேர்க்கவா என்று கேட்கும். சாலிட் மட்டும் என்று கொடுத்தால் இத்தனை சர்ஃபேஸ் விட்டுப்போகிறது என்று ஒரு எச்சரிக்கை திரையில் வரும். அவர் மீட்டிங் ஆள் ஆகி வருஷமாகிறது, இதெல்லாம் மறந்திருக்கும். பார்க்காமல் தட்டியிருக்கலாம். அல்லது உன் பக்கம் திறக்கும்போது ஷீட் விழுந்திருக்கலாம், நீ மறைக்கலாம். இன்னும் உன்னை முழுசாக நம்பவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், எதற்கு என்று கேட்காதே. நான் அதைச் சர்ஃபேஸாக வரைந்தது யாருக்கும் தெரியாது; மாடலைத் திறந்தாலும் திரையில் ஷீட்டாகத்தான் தெரியும், தேடிப் பார்க்கிறவருக்குத்தான் புரியும். விசாரணையில் சொல்லலாமென்று வைத்திருந்தேன், உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. போன் செய்து, ஷீட் வரவில்லை என்று மட்டும் சொல். அவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

அண்ணி


மார்ச் 30

அண்ணிக்கு,

எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் இந்தப் பேப்பரையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

முதலில் என் பக்கம். அந்த ஃபைலை ஆபீஸில் இருக்கும் மூன்று கம்ப்யூட்டரிலும் திறந்தேன். எங்கேயும் எதுவும் விழவில்லை. வந்ததே அவ்வளவுதான். நம்பாவிட்டால் என் கூட வேலை செய்கிற இரண்டு பேரிடமும் கேளுங்கள். அவர்களுக்கு என்னைப் பிடிக்காது, எனக்காகப் பொய் சொல்ல மாட்டார்கள்.

பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, நீ அனுப்பின ஃபைலை மறுபடி பார்த்தேன். அதுல அந்த ஷீட்டே இல்லண்ணா."

"சர்ஃபேஸா வரைஞ்சா அப்படித்தான் விட்டுப்போகும். யாரு அவளை அப்படி வரையச் சொன்னா?" என்றார்.

"சர்ஃபேஸ்னு உனக்கு யாருண்ணா சொன்னா?"

"யாரோ ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. ஏன், என்ன இப்போ?"

"ஒண்ணும் இல்ல."

"நீ இதையெல்லாம் போட்டுக் குழப்பிக்காத. ரிப்போர்ட் குடுத்துட்ட, உன் வேலை முடிஞ்சுது. உனக்கு எதுவும் வராம நான் பாத்துக்கறேன். சரி, மீட்டிங் இருக்கு."

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால் அது சர்ஃபேஸ் என்பது எனக்கே தெரியாது. ஆபீஸிலும் யாருக்கும் தெரியாது என்கிறீர்கள். அவருக்கு எப்படித் தெரிந்தது? போர்டு எரிந்த பிறகு உங்கள் மாடலைத் திறந்து பார்த்திருக்கலாம். அப்படிப் பார்த்து, சேவ் கொடுத்து, தேதியை மாற்றிவிட்டது அவராகவே இருக்கலாம். இல்லையென்றால் மாற்றி அனுப்பிய அன்றைக்கே எச்சரிக்கையைப் படித்திருக்க வேண்டும். எப்படியானாலும் அவருக்குத் தெரியும் அண்ணி. தெரிந்துகொண்டே என்னிடம் நீங்கள் பிறகு சேர்த்ததாகச் சொன்னார். உங்களிடம் என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது சொல்லியிருப்பார்.

என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியவர் அவர்.

பொடிசு


ஏப்ரல் 2

பொடிசுக்கு,

உன் கடிதத்தை அக்கா வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் முதலில் வந்த எண்ணம், இவள் என் குடும்பத்தைக் கலைக்கப் பார்க்கிறாள் என்பதுதான். ரிப்போர்ட் கொடுத்தவள் நீ, ஓட்டையை அடைத்தவள் நீ. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கூடப் பிறந்தவரையே முன்னால் தள்ளுகிறாயா என்று நினைத்தேன். அவர் உன்னைப் பற்றி என்னிடம் சொன்னது என்ன என்று கேட்டாய் அல்லவா? "பொடிசு அவசரக்காரி, எதையாவது அழிச்சிருப்பா. ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு, வெளிய சொல்லாத" என்று சொன்னார். அதை நம்பித்தான் உனக்கு முதல் கடிதமே எழுதினேன்.

மேலே உள்ளதை எழுதிவிட்டு கவரில் போடாமல் வைத்திருந்தேன். இன்று மாலை அவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த எச்சரிக்கை வந்தப்போ என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். எது, என்ன என்று எதுவும் சொல்லவில்லை. அவரும் எந்த எச்சரிக்கை என்று கேட்கவில்லை. குழாயை மூடினார்.

"படிச்சேன். ஒரு சர்ஃபேஸ் வரலைன்னு போட்டிருந்துச்சு. ஏதோ ஸ்டிக்கரா இருக்கும்னு ஓகே குடுத்துட்டேன். அன்னிக்கே அனுப்பியாகணும்."

"எரிஞ்ச பிறகு?"

"எரிஞ்ச பிறகுதான் திறந்து பார்த்தேன். பார்த்ததும் புரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சொன்னா என்னை முதல்ல அனுப்புவாங்க. நீ சர்ஃபேஸா வரைஞ்சதைச் சொல்லி உன்னையும் அனுப்புவாங்க. ரெண்டு பேர் வேலையும் போறதுக்கு ஒருத்தர் வேலை போனா சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"அந்த ஒருத்தர் நான்தான்னு எப்போ முடிவு பண்ணீங்க?"

கழுவிய தட்டையே எடுத்து மறுபடி கழுவினார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், சரி, நான் விலகுகிறேன், நீங்கள் இருங்கள் என்று நானே சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை பொடிசு. காபி போட்டுக் கொடுத்தார்.

விசாரணையில் நான் சொன்னால் புருஷன்மேல் பழி போடுகிறாள் என்பார்கள். என் வார்த்தைக்கு அங்கே இப்போது மதிப்பு இல்லை. உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் எனக்குக் காது கேட்கிறது.

டைரக்டருக்கு ஒரு மெயில் எழுதி முடித்துவிட்டேன். வந்தபடியே இருக்கும் ஃபைல், உள்சுவர் ஓட்டைகளின் படம், அவற்றை நான் கேட்காமல் அடைத்தது, ஷீட் சர்ஃபேஸாக இருந்து மாற்றும்போது விட்டுப்போனது, மாற்றியது யார் என்பது, எல்லாம் அதில் இருக்கிறது. அண்ணன் என்று எழுதவில்லை, பதவியை எழுதினேன். உங்களைத் தூக்கி வைத்து ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதினால் சொந்தம் பேசுகிறது என்பார்கள். ஷீட்டை வைத்து மறுபடி சிமுலேஷன் ஓட்டினேன், தொண்ணூற்று நாலு டிகிரி வருகிறது. உங்கள் மீட்டருக்கு இரண்டுதான் குறைவு. அதையும் இணைத்திருக்கிறேன்.

ஏழாம் தேதி காலையில் அவர் மேசையில் இருக்கும்படி அனுப்புகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு வருவதற்குள் முடிந்திருக்கும். தடுக்க நினைத்தாலும் முடியாது. அதற்காகத்தான் போனில் சொல்லவில்லை.

பொடிசு


ஏப்ரல் 9

பொடிசுக்கு,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. விசாரணை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீளமான மேசையில் டைரக்டர், சோதனைக்கூடத்துக்காரர், ஆபீஸ் வக்கீல் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் நானும் உன் அண்ணனும், நடுவில் ஒரு நாற்காலி விட்டு. டைரக்டர் வந்ததும் மன்னிப்புக் கேட்டார், காலையில் நிறைய மெயில் வந்திருக்கிறது, எதையும் இன்னும் திறக்கவில்லை, பேசி முடித்துவிட்டுப் பார்க்கிறேன் என்றார். வக்கீல் என்னைப் பார்த்து முதல் கேள்வியை ஆரம்பித்தார். அவர் வாய் திறந்து முடிப்பதற்குள் உன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"அவங்களைக் கேக்க வேண்டாம் சார். ஃபைலை மாத்தி அனுப்பினது நான். ஒரு சர்ஃபேஸ் வரலைன்னு எச்சரிக்கை வந்துச்சு, படிச்சிட்டுத்தான் ஓகே குடுத்தேன். எரிஞ்ச பிறகு எனக்குக் காரணம் தெரியும். இவங்க மேல பழி போனப்போ பேசாம இருந்தேன்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நான் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. நேற்று முதல் போகிறேன். ஃபேனை மேலே ஏற்றி, காற்று ஷீட்டைச் சுற்றி வரும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். அவரை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள், ஆபீஸில் வைப்பார்களா என்று அடுத்த வாரம் சொல்வார்களாம். எல்லோரும் என்னிடம் வந்து, உங்கள் புருஷன் எவ்வளவு நல்லவர், எழுந்து நின்று ஒத்துக்கொண்டாரே என்கிறார்கள். அத்தை அழுகிறார்கள். ராத்திரி அவருக்குச் சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தேன்.

அன்று மாலை முழுவதும் என் மனது லேசாக இருந்தது. அவராகவே எழுந்தார், எனக்காக எழுந்தார் என்று நினைத்துக்கொண்டேன். மன்னித்துவிடலாம் என்றுகூட வந்துவிட்டேன். பிறகு உன் கடிதம் வந்தது. அதில் மெயில் அனுப்பப்போவதை எழுதியிருக்கிறாய். டைரக்டர் திறக்கவில்லை, சரி. ஆனால் உன் அண்ணனுக்குத் தெரியுமா? மெயில் மேசையில் வந்து கிடக்கிறது, எப்படியும் தெரியத்தான் போகிறது என்று தெரிந்து முந்திக்கொண்டாரா, அல்லது எதுவும் தெரியாமல், அவராகவே எழுந்தாரா? அந்தக் கூட்டத்தில் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு கணக்கிலும் ஒத்துப்போகிறது. இதை அவரிடம் கேட்க முடியாது. என்ன சொன்னாலும் நம்ப மாட்டேன்.

உன்னை நம்புகிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் இதை எழுதுவேன் என்று நினைக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் சொன்னாயா? போன் செய்யாதே, குரல் கேட்டால் எனக்காக இரக்கப்பட்டு ஏதாவது சொல்லிவிடுவாய். எழுது.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும், இல்லை என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பிவிடலாமென்று தோன்றியது. உங்களுக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. கவரில் முகவரிகூட எழுதிவிட்டேன். பிறகு கிழித்துப் போட்டேன். உங்களை ஒருமுறை ஏமாற்றினவர் எங்கள் வீட்டு ஆள். இரண்டாவது ஆளாக நான் இருக்க மாட்டேன்.

சொன்னேன் அண்ணி. ஆறாம் தேதி மத்தியானம் போன் செய்து மெயில் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். முதுகுக்குப் பின்னால் செய்ய எனக்கு மனசு வரவில்லை. "நாளைக்குக் காலைல போயிடும்ணா" என்றேன்.

அனுப்பாதே என்று அவர் சொல்லவில்லை. அனுப்பு என்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, கெஞ்சவில்லை, உங்கள் பெயரை எடுக்கவில்லை. நான் காத்துக்கொண்டே இருந்தேன்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"சாப்பிட்டேண்ணா" என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

பொடிசு